நாற்காலியை யார் மடக்குவது? அமெரிக்க சொராரிட்டிகளில் தலைமையும் தோழமையும்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் சங்கமான ஒரு சொராரிட்டியில் தலைமை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் கொள்கை வாசகத்தைப் படிக்க வேண்டியதில்லை. ஞாயிறு இரவு வாராந்திரக் கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் அந்த அறையிலேயே நின்றால் போதும். எண்பது மடக்கு நாற்காலிகளை அடுக்கி ஓரம் சேர்த்தாக வேண்டும். தலைவியும் நான்காம் ஆண்டு மாணவிகளும் ஆளுக்கு நாலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா? இல்லை, அவர்கள் வாசலில் அரட்டையடித்துக்கொண்டு நிற்க, போன மாதம் சேர்ந்த முதலாண்டுப் பெண்கள் மட்டும் அடுக்குகிறார்களா? இரண்டு வகைக் கிளைகளும் ‘சர்வன்ட் லீடர்ஷிப்’ பயிலரங்கு நடத்தியிருக்கும், சுவரில் சான்றிதழும் மாட்டியிருக்கும். வேலை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பிறருக்குத் தொண்டு செய்வதையே தலைமையாகக் கொள்ளும் சர்வன்ட் லீடர்ஷிப்பைத் தமிழில் தொண்டுத் தலைமை எனலாம். ‘சேவகத் தலைமை’ என்றால் ஏவல் வாடை வந்துவிடும். சொராரிட்டிகளின் பழைய நோய்களில் ஒன்று அந்த ஏவல்தான் என்பதால் சொல்லைக் கவனமாகவே எடுக்க வேண்டியிருக்கிறது.

சொராரிட்டி என்பது அமெரிக்க, கனடியக் கல்லூரிகளில் பெண்கள் சேரும் உறுப்பினர் சங்கம். பெயர் பெரும்பாலும் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள். ஒரு கல்லூரியில் உள்ள கிளைக்குச் சாப்டர் என்று பெயர். அதற்கு மேலே தேசியத் தலைமையகம். பக்கபலமாக முன்னாள் உறுப்பினர்களான ஆலோசகர்கள். சில சாப்டர்களில் 20 பேர்தான் இருப்பார்கள். தெற்கத்திய மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் 300ஐத் தாண்டும். ஒருமுறை சேர்ந்தவர் பட்டம் வாங்கிப் போன பிறகும் உறுப்பினர்தான். விடுதி, தொண்டு மன்றம், முன்னாள் மாணவிகள் சங்கம் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறியது மாதிரியான அமைப்பு.

தோழமை முதலில், தொண்டு பிறகு

ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் வெஸ்லியன் கல்லூரியில் 1851-இல் தொடங்கிய அடெல்ஃபியன் சங்கம்தான் இந்த வரிசையில் மூத்தது; இன்று அதன் பெயர் ஆல்ஃபா டெல்டா பை. 1870-இல் இண்டியானாவின் கிரீன்காசில் நகரக் கல்லூரியில் பெட்டி லாக் என்ற மாணவிக்கு ஆண்கள் சங்கம் ஒன்று தன் பேட்ஜை அணியக் கொடுக்க முன்வந்தது. பேட்ஜ் உண்டு, உறுப்பினர் உரிமை கிடையாது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று தோழிகளோடு கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியே மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆண்கள் நிறைந்த வகுப்பில் ஒருத்திக்கு ஒருத்தி துணை என்பதுதான் அன்றைய தேவை. ‘சொராரிட்டி’ என்ற சொல்லே இந்தச் சங்கங்களுக்கு 1882-இல்தான் வந்தது. சகோதரர் கூட்டத்தைக் குறிக்கும் ‘ஃபிரட்டர்னிட்டி’ பெண்களுக்கு ஒட்டவில்லை என்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக, சகோதரி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் அடியிலிருந்து இந்தப் பெயரைக் கொடுத்தார்.

தொண்டு மையத்துக்கு வந்ததில் கறுப்பினப் பெண்களின் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் 1913-இல் டெல்டா சிக்மா தீட்டாவும் தோன்றின. டெல்டாவின் 22 நிறுவனர்கள் பொதுவெளியில் செய்த முதல் காரியம், அதே ஆண்டு மார்ச் 3 அன்று நடந்த பெண் வாக்குரிமைப் பேரணியில் கலந்துகொண்டது. (கமலா ஹாரிஸ் 1986-இல் ஹோவர்டில் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்.)

1935 கோடையில் மருத்துவர் டோரத்தி போல்டிங் ஃபெரெபி தலைமையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டிக்குப் போனார்கள். இனப்பிரிவினை கோலோச்சிய தெற்கு வழியாகச் சொந்தக் கார்களிலேயே பயணம். நிலையான மருத்துவ முகாம்கள் போடுவதாகத் திட்டம். தோட்ட முதலாளிகள் தங்கள் தொழிலாளர்களைத் தோட்டத்தை விட்டு வெளியே விட மறுத்தார்கள். ‘நாங்கள் வந்தோம், அவர்கள் வரவில்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர்களோ கார்களையே நடமாடும் மருத்துவமனையாக்கித் தோட்டங்களுக்குள் ஓட்டிப் போனார்கள். தடுப்பூசி, பல் மருத்துவம், குழந்தைகளுக்கான பரிசோதனை என்று 1942 வரை கோடைதோறும் அந்த வேலை நடந்தது. தேவைப்பட்டவர் இருக்கும் இடத்துக்கு ஏற்பத் தன் திட்டத்தை வளைப்பதுதான் தொண்டுத் தலைமை என்று பின்னாளில் கோட்பாடாக எழுதப்பட்டது.

எழுதியவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஏ.டி.அண்ட்.டி. தொலைபேசி நிறுவனத்தில் மேலாண்மைப் பயிற்சி, ஆய்வுப் பணியில் இருந்து 1964-இல் ஓய்வு பெற்றவர். 1970-இல் வெளியான அவரது கட்டுரைதான் ‘சர்வன்ட் லீடர்’ என்ற சொல்லைப் பரப்பியது. அதன் சாரம் ஓர் உரைகல்: தலைவர் எவ்வளவு உழைக்கிறார் என்று பார்க்காதே; அவரால் பயன்பெறுபவர்கள் வளர்கிறார்களா, அதிகச் சுதந்திரமும் தன்னிறைவும் பெறுகிறார்களா, அவர்களும் தொண்டு செய்பவர்களாக மாறுகிறார்களா, இருப்பவர்களிலேயே கடையருக்கு என்ன நேர்கிறது என்று பார். தொண்டையே முதல் வேலையாகக் கொண்ட சொராரிட்டிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன: 1952-இல் காமா சிக்மா சிக்மா, 1967-இல் ஒஹாயோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ஒமேகா ஃபை ஆல்ஃபா. பின்னதன் அடிப்படைக் கொள்கைகள் மூன்று: நட்பு, தலைமை, தொண்டு.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று துணை என்றுதான் பிரசுரங்கள் சொல்லும். நடைமுறையில் நட்பும் தலைமையும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். சொராரிட்டித் தலைமையின் சிரமம் முழுக்க அந்த முட்டலில்தான் இருக்கிறது.

தோழியிடம் பாக்கி கேட்பது

அலுவலகத்தில் மேலாளருக்கும் ஊழியருக்கும் நடுவே ஒரு மேசை உண்டு. இங்கே இல்லை. பொருளாளருக்கு 20 வயது. பாக்கி வைத்திருப்பவள் அவளோடு அறையைப் பகிர்பவள். பதவிக்காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓராண்டு. அது முடிந்தாலும் தோழி பக்கத்துக் கட்டிலில்தான் இருப்பாள்.

உறுப்பினர் சந்தா பருவத்துக்குச் சில நூறு டாலர். உறுப்பினர்கள் சேர்ந்து வசிக்கும் சங்கத்து வீட்டில் தங்கினால் வாடகை, சாப்பாடு சேர்த்துச் சில ஆயிரம். யாராவது ஒருத்திக்குக் கட்ட முடியாமல் போவது ஒவ்வொரு பருவமும் நடக்கும். பொருளாளர் செய்யும் வழக்கமான தவறு கடுமை அல்ல, மௌனம். ‘பாவம், அவளிடம் போய் எப்படிக் கேட்பது’ என்று இரண்டு மாதம் விடுவார். பாக்கி வைத்தவளுக்கு அந்த மௌனம் கருணையாகத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதோ என்ற கூச்சத்தில் முதலில் கூட்டத்துக்கு வர மாட்டாள், பிறகு சாப்பிட வர மாட்டாள், கடைசியில் விலகல் கடிதம் வரும். பணமும் போகும், தோழியும் போவாள்.

சரியாக நடக்கும் சாப்டர்களில் பேச்சு முன்கூட்டியே தொடங்கிவிடும். பருவத்தின் முதல் வாரத்திலேயே கெடு தேதி, தாமதக் கட்டணம், தவணை வசதி மூன்றும் எல்லோருக்கும் எழுத்தில் போகும். தவணை யாரோ ஒருத்திக்குக் காட்டும் சலுகை என்றில்லாமல், படிவத்தில் எல்லோரும் பார்க்கும் ஒரு கட்டமாக இருக்கும். கெடு தாண்டி ஒரு வாரத்துக்குள் பொருளாளர் நேரில் பேசுவார். குழு அரட்டையில் பெயர் போடுவது அறவே கூடாது. 600 டாலர் பாக்கி என்றால் 150 வீதம் நான்கு தவணை, தேதிகளோடு, இருவர் கையெழுத்தோடு. விவரம் பொருளாளர், நிதி ஆலோசகர் இருவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். தவணை தவறினால் என்ன நடவடிக்கை என்பதைப் பொருளாளர் தனியாக முடிவு செய்யக்கூடாது, குழு செய்ய வேண்டும். நட்பைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ள ஏற்பாடு இது: ‘நான் உன்னைத் தண்டிக்கவில்லை’ என்று பொருளாளர் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும்.

ஒழுங்குக் குழுவிலும் இதே கதை. விருந்தில் அளவு மீறிக் குடித்தது, புதிய உறுப்பினரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியது போன்றவை அங்கே வரும். இடித்துரைப்பதும் நட்பின் வேலைதான் என்று இங்கே பலருக்கும் தெரியும். எப்படி இடிப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். முதல் பேச்சை அவளுடைய நெருங்கிய தோழியிடமும் ஒப்படைக்கக்கூடாது, பகை இருப்பவளிடமும் ஒப்படைக்கக்கூடாது. ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. நாள், இடம், செயல் மூன்றையும் சொல்லிவிட்டு, ‘உன் பக்கம் என்ன’ என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். கிரீன்லீஃப் வழி வந்தவர்கள் காது கொடுத்துக் கேட்கும் திறனை முதலில் வைப்பதன் அர்த்தம் இந்த மாதிரி அறைகளில்தான் புரியும். அதிகக் குடியின் அடியில் தேர்வுத் தோல்வியோ வீட்டுச் சாவோ இருப்பது அபூர்வமல்ல. அப்போது ஒழுங்குக் குழு செய்யக்கூடிய நல்ல காரியம், கல்லூரியின் மனநல ஆலோசனை மையத்துக்குக் கூடவே நடந்து போவது. 20 வயதுப் பெண்கள் தாங்களே சிகிச்சை செய்யக் கிளம்புவது ஆபத்து. தலைவி இரவு இரண்டு மணிக்கெல்லாம் ஆலோசகராக உட்கார்ந்திருப்பதைத் தியாகம் என்று மெச்சக்கூடாது.

மெச்சத்தான் செய்கிறார்கள். தொண்டுத் தலைமை என்ற சொல்லுக்கு நேர்ந்த பெரிய விபத்தே அதுதான். மேடை அலங்காரம், சமையல் பொருள், சுவரொட்டி, நன்றிக் கடிதம் அனைத்தையும் தலைவியே செய்கிறார். எல்லோரும் புகழ்கிறார்கள். நவம்பரில் அடுத்த தேர்தல் வரும்போது போட்டியிட ஆளில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் செய்யத் தெரியாது. இப்படி உழைத்துச் சாக ஆசையும் இல்லை. கிரீன்லீஃபின் உரைகல்லில் உரசினால் இந்தத் தலைவி தேற மாட்டார். ஒரு வேலையைத் தான் 20 நிமிடத்தில் முடிக்கலாம் என்று தெரிந்தும், இரண்டாமாண்டு மாணவி ஒன்றரை மணி நேரம் தடுமாறிச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு வாய்த்த தொண்டு. பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

அறுபது பேரும் நான்கு பேரும்

சொராரிட்டிகளில் ‘ஃபிலாந்த்ரபி’ வேறு, ‘சர்வீஸ்’ வேறு. முதலாவது நிதி திரட்டுவது, இரண்டாவது கையால் வேலை செய்வது. நிதிக்குப் பெரும்பாலான தேசிய அமைப்புகளுக்கு நிலையான துறை உண்டு: டெல்டா காமாவுக்கு 1936 முதல் பார்வையற்றோர் நலன், ஆல்ஃபா டெல்டா பைக்கு 1979 முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்கள்.

நிதியில் எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. பான்கேக் விருந்துக்கு 8 டாலர் சீட்டு, 300 விற்றால் 2,400. மாவு, பழச்சாறு, தட்டு 450. அரங்கம் 200. ‘எல்லோரும் ஒரே மாதிரி போட்டால் நன்றாயிருக்கும்’ என்று 120 டி-ஷர்ட், ஒன்று 11 டாலர் வீதம் 1,320. மிஞ்சுவது 430. டி-ஷர்ட்டை முன்பதிவு செய்து, அவரவர் காசில் வாங்கச் சொல்லியிருந்தால் 1,750 போயிருக்கும். வசூல் பணம் யாருடைய சொந்த வெண்மோ (கைபேசியில் பணம் அனுப்பும் செயலி) கணக்கிலும் ஒரு மணி நேரம்கூடத் தங்கக்கூடாது. வரிச் சட்டப்படி சாப்டர் பொதுவாக 501(சி)(7) வகைக் கழகம், தேசிய அமைப்பின் அறக்கட்டளை 501(சி)(3). சாப்டருக்கே கொடுத்த நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது என்பதால், பெற்றோரிடம் கேட்பதற்கு முன் காசோலை எந்தப் பெயரில் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கையால் செய்யும் வேலையில் சறுக்கல் வேறு மாதிரி. ஆளுக்குப் பருவத்துக்கு இத்தனை மணி நேரம் என்று விதி இருக்கும். பருவம் முடிய மூன்று வாரம் இருக்கையில் கணக்கு நினைவுக்கு வந்து, ஒரு சனிக்கிழமை அறுபது பேர் உணவு வங்கிக்குக் கிளம்புவார்கள். உணவு வங்கிக்குத் தேவைப்பட்டதோ செவ்வாய்தோறும் பெட்டி பிரிக்க நான்கு பேர். அறுபது பேருக்கு வேலை உண்டாக்குவதே அன்றைக்கு அங்குள்ள ஊழியரின் வேலையாகிவிடும். ஆகவே தொண்டுப் பொறுப்பாளர் ஆறு வாரம் முன்பே தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி ‘நாங்கள் எப்போது வரலாம்’ என்பதல்ல. ‘உங்களுக்கு எந்த நாளில் ஆள் பற்றாக்குறை’ என்பது. பதில் செவ்வாய் என்றால், வாரத்துக்கு நான்கு பேர் வீதம் பதினைந்து வாரச் சுழற்சி. அதே அறுபது பேர், ஆளுக்கு ஒரு முறை. இதைவிட நல்லது, எட்டே பேர் மாறி மாறித் திரும்பத் திரும்பப் போவது. மூன்றாம் முறைதான் அங்கே வரும் பாட்டிக்கு இவள் பெயர் தெரியும். படம் நன்றாக வராது, அதனால்தான் சாப்டர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

குழந்தைகளோடு வேலை என்றால் பின்னணிச் சரிபார்ப்புக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்க வேண்டும். 20 பேர் வேண்டுமென்றால் 24 பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். காலை எட்டு மணி என்றால் 26. கார் யார் ஓட்டுவது, காப்பீடு உண்டா என்பது முந்தின நாளே முடிவாக வேண்டும். குழந்தைகள் முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம்.

தொண்டு ஊன்றி நின்றால் எப்படி இருக்கும் என்பதற்கு பை பீட்டா ஃபை டென்னசி மலைப்பகுதியான காட்லின்பர்க்கில் 1912-இல் தொடங்கிய பள்ளியைச் சொல்லலாம். படிப்பு சொல்லிக்கொடுக்கப் போனவர்கள், மலைவாசிகளிடம் இருந்த நெசவு, கூடை முடைதல் போன்ற கைத்தொழில்களின் அருமையைக் கண்டு, 1926-இல் அவற்றை விற்க ஆரோகிராஃப்ட் கடையைத் தொடங்கினார்கள். அந்த வேர் இன்று ஆரோமாண்ட் கைவினைப் பள்ளியாக நிற்கிறது. ஊர்க்காரர்களிடம் இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கடை வந்திருக்காது.

அக்காவும் தங்கையும்

புதிதாகச் சேர்பவளுக்கு ஒரு மூத்தவளை இணைப்பதை ‘பிக்–லிட்டில்’ என்பார்கள். இரு தரப்பும் சில வாரம் பழகி, விருப்பப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொடுக்க, பொறுப்பாளர் பொருத்துவார். முதல் விருப்பம் எல்லோருக்கும் அமையாது. அதை முன்பே சொல்லிவிடாத பொறுப்பாளருக்கு அன்றிரவு தூக்கம் இருக்காது. யார் என்று அறிவிக்கும் வாரத்தில் பரிசுக் கூடைகள் குவியும். உச்சவரம்பு வைக்காவிட்டால் போட்டி முற்றி, பண வசதியில்லாத மூத்தவள் கடன் அட்டையைத் தேய்ப்பாள், அல்லது ‘நான் பிக் ஆகவில்லை’ என்று ஒதுங்கிவிடுவாள். 40 டாலர் என்று கோடு கிழித்துவிட்டால் இரண்டும் குறையும்.

இதே உறவின் இருண்ட பக்கம்தான் ஹேஸிங், நாம் ராகிங் என்பதன் பங்காளி. துணி துவை, காப்பி வாங்கி வா, நள்ளிரவில் கார் ஓட்டு என்று ஏவுவதை ‘பணிவு கற்றுக்கொடுக்கிறோம்’ என்று நியாயப்படுத்துபவர்கள் இன்றும் உண்டு. தொண்டு மேலிருந்து கீழே இறங்க வேண்டியது. ஏவல் கீழிருப்பவளைப் பிழிவது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஹேஸிங் சம்பவங்களைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்கிறது. எளிய சோதனை ஒன்று போதும்: இந்த வேலையை நான்காமாண்டு மாணவியும் இன்றே செய்வாளா? மாட்டாள் என்றால் அது ஹேஸிங்.

சொராரிட்டி அமைப்பிலேயே அசல் தொண்டுத் தலைமை எது என்று கேட்டால், ஆள்சேர்ப்பு வார ஆலோசகரைத்தான் காட்ட வேண்டும். சொராரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பன்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் 1902-இல் தொடங்கியது, 26 சங்கங்கள் உறுப்பு. அவற்றின் ஆள்சேர்ப்பில் சேர விரும்பும் பெண்கள் பல சங்கத்து வீடுகளுக்குப் போய், சுற்றுச் சுற்றாக வடிகட்டப்பட்டு, கடைசியில் ஒரு அழைப்பைப் பெறுவார்கள். ஆலோசகர் ஒரு சங்கத்தின் உறுப்பினர்தான். ஆனால் பல வளாகங்களில் அந்தக் காலம் முழுக்கத் தன் சங்கத்தை மறைத்துக்கொள்வார். சங்கத்தின் கிரேக்க எழுத்துப் போட்ட சட்டை கிடையாது, இன்ஸ்டாகிராம் படங்கள் இறக்கப்படும், சொந்தத் தோழிகளோடு பொது இடத்தில் பேச்சும் இல்லை. தன் சங்கமே நிராகரித்த பெண் தன் தோளில் சாய்ந்து அழும்போதும் வாயைத் திறக்க முடியாது. கடைசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அழைப்பைப் பெற்றவள், அதை ஏற்க மறுத்தாலும், அந்த வளாகத்தில் ஓராண்டு வேறு சங்கத்தில் சேர முடியாது. அந்த விதியை எந்தப் பக்கமும் தள்ளிவிடாமல் விளக்குவது அவர் வேலை.

தோழமை யாரை உள்ளே விடுகிறது என்ற கேள்வியை இங்கே தாண்டிப் போக முடியாது. 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் செய்தித்தாளான கிரிம்சன் ஒயிட், கறுப்பின மாணவி ஒருவரை வெள்ளையர் சொராரிட்டிகள் இன அடிப்படையில் நிராகரித்ததை வெளிக்கொண்டுவந்தது. உறுப்பினர்கள் சிலர் அவரைச் சேர்க்க விரும்பியும் முன்னாள் உறுப்பினர்கள் தடுத்ததாக அவர்களே பேசினார்கள். பல்கலைக்கழகம் சேர்க்கையை மறுபடி திறக்க வைத்தது. நன்கொடையும் சங்கத்து வீட்டின் கடனும் முன்னாள் உறுப்பினர்கள் கையில் இருக்க, பெயர் சொல்லிப் பேசிய அந்த இருபது வயதுப் பெண்களுக்குப் பதவி எதுவும் தேவைப்படவில்லை.

கடைசியாக, கைமாற்றம். நவம்பரில் தேர்தல், ஜனவரியில் பதவி என்பதால் ஆறேழு வாரம் கையில் இருக்கும். அதில் புதியவர் பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூட்டத்தையாவது நடத்த வேண்டும். எழுதி வைக்க வேண்டியது சாதனைப் பட்டியல் அல்ல: எந்த உணவு ஒப்பந்தக்காரர் தாமதிப்பார், எந்த அரங்கத்தை ஆகஸ்டிலேயே பதிய வேண்டும், போன ஆண்டு எதில் நஷ்டம். ஜனவரிக்குப் பிறகு முன்னாள் தலைவி பின்வரிசையில் உட்கார வேண்டும். யாராவது வழக்கம்போல் அவரிடம் கேட்டால் ‘புதுத் தலைவியிடம் கேள்’ என்பதைத் தவிர வேறு பதில் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கி. குளிர்கால விடுமுறைக்கு முன்பே இரு பொருளாளர்களும் சேர்ந்து போய்க் கையெழுத்தையும் கைபேசி எண்ணையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பரில் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்தவரின் போனுக்கே ஓடிபி போய்க்கொண்டிருக்கும். ஜனவரி முதல் வாரம் சமையல்காரருக்குச் சம்பளம் போடப் புதியவர் அவரை அலுவலக நேரத்தில் துரத்திக்கொண்டிருப்பார்.